தொண்ணூற்று நான்கு சதவீதம்

ஜூன் 3, திங்கள்

மிக்ஸியின் சின்ன ஜாரை ரிப்பேருக்குக் கொடுத்தாயிற்று. இவருக்குச் சர்க்கரை மாத்திரை வாங்கியாயிற்று. குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டதாம். இங்கே திருநெல்வேலிக்குப் புழுதிக் காற்று மட்டும்தான் வருகிறது.

அலுவலகத்தில் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை, சகாயராணி போன் செய்துவிட்டாள்.

"மேடம், ஏத்திட்டேன்! நூத்தி நாப்பது பக்கமும் ஏறிட்டு. நடுவுல ரெண்டு தடவ நெட்டு போயி, எனக்கு உயிரே போயிட்டு."

"ஏறிட்டுல்லா? இனி நிம்மதியா இரு," என்றேன்.

நான்கு வருடமாக அவளைத் தெரியும். நேரில் பார்த்ததில்லை. எங்களுடையது இணையவழிப் பல்கலைக்கழகம். வகுப்பு, தேர்வு, நூலகம் எல்லாம் கணினியில். ஒரு புத்தகம்கூட இல்லாத நூலகத்துக்கு நான் நூலகர். சொந்தக்காரர்களுக்கு இதைப் புரியவைக்கும் முயற்சியை விட்டு வெகுகாலம் ஆகிறது. சகாயராணி தூத்துக்குடிக்காரி. நாற்பத்தொரு வயது. ஒரு பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர். உப்பளத்துப் பெண்களின் பேச்சைப் பற்றித்தான் அவளுடைய எம்.ஏ. ஆய்வேடு. அவளுடைய அம்மாவே முப்பது வருடம் உப்பளத்தில் நின்றவள். மூன்றாம் இயல் முழுக்க அந்த அம்மாவும் கூட வேலை பார்த்த பெண்களும் பேசியதுதான். அம்மா போன வருடம் இறந்துவிட்டாள்.

28-ஆம் தேதிக்குள் ஆய்வேடு சான்றிதழோடு சேர்ந்துவிட வேண்டும். தவறினால் நான்கு வருடப் பதிவு காலாவதி, எல்லாம் முதலிலிருந்து. முடித்துவிட்டாலோ, ஜூலையிலிருந்து அதே பள்ளிக்கூடத்தில் அவள் தமிழ் டீச்சர். தலைமையாசிரியை வாக்குக் கொடுத்திருக்கிறார்.

இனி ஒப்புமைச் சோதனை ஒன்றுதான் பாக்கி. மெஷின் ஆய்வேட்டை வாங்கி, தன் சேமிப்புக் கிட்டங்கியில் கிடக்கும் கோடிக்கணக்கான பக்கங்களோடு வைத்துப் பார்த்து, இதில் இத்தனை சதவீதம் ஏற்கெனவே வேறெங்கோ இருக்கிறது என்று சொல்லும். பத்துக்குக் கீழே வந்தால் நான் சான்றிதழ் கொடுப்பேன். சகாயராணிக்கு இரண்டோ மூன்றோதான் வரும். அவளைப் போல எழுத யாருமில்லை.

ஜூன் 4, செவ்வாய்

ஓட்டு எண்ணிக்கை. இவர் டி.வி.யை விட்டு நகரவில்லை. நானே தண்ணீர் மோட்டார் போட்டேன்.

ஜூன் 5, புதன்

தொண்ணூற்று நான்கு.

முதலில் ஒன்பது புள்ளி நான்கு என்று நினைத்து, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். புள்ளியெல்லாம் ஒன்றுமில்லை.

நான் போன் செய்யும் முன்பே அவளுக்கும் அறிக்கை போய்விட்டது. ஏப்ரலில் வந்த இந்தப் புதிய பேக்கேஜ் யாரையும் கேட்காமல் மாணவருக்கும் எனக்கும் பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரே நேரத்தில் அனுப்பிவிடுகிறது. போனை எடுத்ததுமே சொன்னாள்:

"மேடம், நான் யாருதையும் பாத்து எழுதலயே."

"எனக்குத் தெரியாதாம்மா? மெஷினுக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கு. நான் சரி பண்ணித் தாரேன்."

"நீங்க சொன்னா சரி மேடம்," என்றாள்.

அறிக்கையின் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன். பிறகு மூடிவிட்டு டீ குடிக்கப் போனேன்.

ஜூன் 6, வியாழன்

எனக்கும் மெஷினுக்கும் முப்பத்தேழு வருடப் பழக்கம். யாரும் என்னை மெஷின் தெரியாதவள் என்று சொல்லிவிட முடியாது. 1987-இல் கல்லூரி நூலகத்தில் சேர்ந்தபோது தட்டச்சு மெஷினில் அட்டை அடித்தேன், புத்தகத்துக்கு மூன்று அட்டை. 93-இல் முதல் கணினி வந்தது. அதை ஏ.சி. அறையில் வைத்து, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும் என்றார்கள். மற்றவர்கள் தொடப் பயந்தார்கள். நான்தான் முதலில் போய் உட்கார்ந்தேன். எனக்கு அது பிடித்துப்போயிற்று. கேட்டால் பதில் சொன்னது, இரண்டாவது தடவை கேட்டாலும் சலித்துக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டில் அந்தக் காலத்தில் அப்படி யாரும் இல்லை.

96-இல் ஒரு நாள் மின்சாரம் போய் வந்தது. நாலாயிரத்து இருநூறு புத்தகங்களின் விவரம் அடியோடு காணவில்லை. நகல் வைத்திருந்த ஃபிளாப்பியில் பூஞ்சை. பிரின்சிபால் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஐந்து மாதம், மூத்தவள் வயிற்றில் இருக்க, திரும்ப அடித்தேன். அன்று முதல் நான் எதையும் சேமிக்காமல் ஒரு திரையையும் மூடியதில்லை. ‘சேமிக்கவா’ என்று மெஷின் கேட்டால் என் விரல் ‘ஆம்’ பக்கம்தான் போகும். பிறகு பார்கோடு வந்தது, இணையம் வந்தது, கல்லூரியை விட்டு இங்கே வந்தேன். ஒவ்வொன்றையும் நானே போய்க் கற்றுக்கொண்டேன்.

இதையெல்லாம் எதற்கு இன்று எழுதுகிறேன் என்று தெரியவில்லை. மிக்ஸி ஜார் இன்னும் வரவில்லை.

ஜூன் 7, வெள்ளி

பிரதாப் வந்து மேஜைக்கு எதிரே நின்றான். கணினிப் பிரிவு முழுக்க அவன் பொறுப்பு. கோயம்புத்தூர்ப் பையன், முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும், குரலை உயர்த்தியே பேச மாட்டான்.

"அந்தத் தூத்துக்குடி ஸ்டூடண்ட் ரிப்போர்ட்டப் பார்த்தனுங்க மேடம். தொண்ணூத்தி நாலும் ஒரே ஃபைல்ல இருந்துதான் வருதுங்க. நம்ம பழைய அக்கவுண்ட்ல பிப்ரவரில ஏத்துனது. அவங்களோட வரைவேதானுங்க."

"அப்படியா?" என்றேன்.

"வரைவு பாக்குறப்ப சேமிக்காம பாக்கணுமில்லீங்களா. யாரோ சேமிச்சுட்டாங்க, அதுவும் மெஷினோட சேமிப்புல போய் உக்காந்துருச்சுங்க. இப்ப அவங்க எழுத்த அவங்களே திருடுனதா மெஷின் சொல்லுது."

"பழைய அக்கவுண்ட்ட யாரெல்லாமோ தொட்டாங்க, பிரதாப்."

"யாருன்னு நான் பாக்கலைங்க மேடம்," என்றான் தரையைப் பார்த்துக்கொண்டு.

நான் சொன்னது பொய்யில்லை. ஒரு காலத்தில் அந்த அக்கவுண்ட்டை மூன்று பேர் பயன்படுத்தினோம். மற்ற இருவரும் மூன்று வருடத்துக்கு முன்னால் போய்விட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஜூன் 10, திங்கள்

அந்தச் சோதனை மென்பொருளின் கம்பெனிக்கு எழுதினேன்: பிப்ரவரிக் கோப்பை உங்கள் கிட்டங்கியிலிருந்து நீக்கிவிடுங்கள். இரண்டே நிமிடத்தில் பதில் வந்தது, உங்கள் கோரிக்கை எங்களுக்கு முக்கியம் என்று. ஆள் எழுதியதில்லை.

ஜார் வந்தது. மூடி பொருந்தவில்லை. திரும்பக் கொடுத்தேன்.

ஜூன் 11, செவ்வாய்

கம்பெனி பதில்: கோப்பை ஏற்றிய அக்கவுண்ட்டின் நிர்வாகி, பதிவுசெய்த மின்னஞ்சலிலிருந்து கேட்டால்தான் நீக்க முடியும். அந்த அக்கவுண்ட் மார்ச் 31-ஓடு மூடப்பட்டது. அந்த மின்னஞ்சலும் அதோடு போயிற்று.

நிர்வாகி நான்தானே என்று எழுதினேன். நிர்வாகியின் மின்னஞ்சலிலிருந்து அதை உறுதிப்படுத்துங்கள் என்றார்கள். அந்த மின்னஞ்சல்தான் இல்லையே என்று எழுதினேன். கோரிக்கை நிறைவேற்றப்பட்டு முடித்துவைக்கப்பட்டது, எங்கள் சேவைக்கு ஐந்து நட்சத்திரத்தில் எத்தனை தருவீர்கள் என்று வந்தது. எழுந்து போய் முகம் கழுவினேன்.

சகாயராணி இரண்டு தடவை கூப்பிட்டாள். முதல் தடவை எடுக்கவில்லை. இரண்டாவது தடவை எடுத்தேன்.

"ஹெட்மிஸ்ட்ரஸ் கேக்காவ மேடம், முடிஞ்சிட்டான்னு. என்ன சொல்ல?"

"கம்ப்யூட்டர் கோளாறு, ஒரு வாரத்துல சரியாயிரும்னு சொல்லு."

"சரி மேடம்."

இந்தப் பெண் ஏன் எல்லாவற்றுக்கும் சரி என்கிறாள்? எனக்கு எரிச்சலாக வந்தது.

ஜூன் 12, புதன்

மாலையில் ஆய்வுக்குழுக் கூட்டம், திரையில்தான். மாணவர் முறையீடு ஏதாவது இருந்தால் இதில் வைக்கலாம். ஏழு பேரையும் இணைத்துவிட்டு, ஒலி சரியாக வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பதிவாளர் ஆரம்பத்திலிருந்தே சிடுசிடுவென்று இருந்தார். இன்று வேண்டாம், மனுஷன் நல்ல மனநிலையில் இருக்கும்போது பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அவர் மேஜையில் வேறு நான்கைந்து கோப்புகள் கையெழுத்துக்குக் கிடந்தன. என்னுடையதும் அதில் ஒன்று.

ஜூன் 14, வெள்ளி

பணி நீட்டிப்பு ஆணை வந்துவிட்டது. அறுபத்தொரு வயதுக்காரிக்கு இன்னும் ஒரு வருடம்! இவர் அல்வா வாங்கி வந்தார், தான் சாப்பிடக்கூடாத அல்வாவை.

"இன்னும் ஒரு வருசம் ஒன் மெஷினு ஒன்ன விடாது," என்றார்.

சிரித்தேன். பாதித் துண்டுக்கு மேல் இறங்கவில்லை.

ஜூன் 16, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இங்கேயாவது எழுதிவிடுகிறேன்.

பிப்ரவரி 19. சகாயராணியின் லேப்டாப் திரை பாதி கறுத்துப்போய், கீல் உடைந்து, புத்தகம் ஒன்றை முட்டுக்கொடுத்துத்தான் நிற்கும். வரைவை எனக்கு அனுப்பி, "ஒரு தடவ சோதிச்சுச் சொல்லுங்க மேடம், பயமா இருக்கு," என்றாள். வரைவை நான் சோதிக்க வேண்டியதே இல்லை, பிரியத்துக்காகச் செய்தேன். இரண்டு சதவீதம் வந்தது. முடிக்கும்போது மெஷின் கேட்டது: சேமிக்கவா, வேண்டாமா?

கை தவறிப் பட்டதில்லை. வரைவைச் சேமிக்கக்கூடாது என்று மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவளே நான்தான். ஆனால் அந்த லேப்டாப் நாளைக்கே போய்விட்டால்? அந்த அம்மா பேசியது எல்லாம் போய்விடுமே? எங்காவது இன்னொரு பிரதியும் பத்திரமாக இருக்கட்டும் என்று நினைத்துத்தான் அழுத்தினேன். இறுதிப் பிரதி வரும் முன்பு நீக்கிவிடலாம் என்றும் நினைத்தேன். ஏப்ரலில் அக்கவுண்ட் மாறிய அமளியில் சுத்தமாக மறந்துபோனேன்.

5-ஆம் தேதி இரண்டாம் பக்கத்தில் இதைத்தான் பார்த்தேன். என் பெயர் போட்டிருந்தது.

ஜூன் 17, திங்கள்

பக்ரீத் விடுமுறை. மேல்வீட்டு மைமூன் பிரியாணி கொடுத்துவிட்டார்கள்.

பதிவாளருக்குக் கடிதம் எழுதினேன். இவர் வாங்கி வாசித்தார். தொலைபேசித் துறையில் புகார்ப் பிரிவில் இருந்தவர், கடிதம் என்றால் விட மாட்டார்.

"‘வரைவு தவறுதலாகச் சேமிக்கப்பட்டுவிட்டது.’ யாரு சேமிச்சா? காத்தா வந்து சேமிச்சுட்டுப் போச்சு?"

"ஆபீஸ் லெட்டர்னா அப்படித்தான் எழுதுவாங்க."

"முப்பது வருசம் இந்த மாதிரி லெட்டர்தான் நான் வாசிச்சேன். எழுதுனவன் யாரும் சொந்தப் பேரப் போட மாட்டான். ஒன் பேர எழுது லதா."

எழுதினேன். ‘நூலகர் சொர்ணலதா ஆகிய நான்’ என்று தொடங்கி ஏழு வரி. மனசு லேசாகும் என்று பார்த்தேன், அப்படி ஒன்றும் ஆகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கடிதத்தைக் கையிலேயே கொடுத்தேன். பதிவாளர் இரண்டு தடவை வாசித்தார். திட்டவில்லை.

"மேடம், நீங்க சொல்றது உண்மைன்னு எனக்குத் தெரியுது. ஆனா ரிப்போர்ட்டுக்கு மேல லெட்டர எடுக்க எனக்கு அதிகாரம் இல்ல. இன்னைக்கு உங்க லெட்டர எடுத்தா, நாளைக்கு நூறு பேரு நூறு லெட்டரோட வந்து நிப்பாங்க. கமிட்டிதான் முடிவு பண்ணணும்."

"கமிட்டி எப்ப சார்?"

"ஜூலை பத்து."

வெளியே வந்ததும் பிரதாப் கூடவே படியிறங்கினான். "பன்னெண்டாந் தேதி கமிட்டிக்கு முன்னாடி இந்த லெட்டர் இருந்திருந்தா அஞ்சு நிமிஷ வேலைங்க மேடம். அவங்களே மேனுவலா பாஸ் பண்ணியிருப்பாங்க," என்றான். பிறகு அவனுக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. "பரவால்லைங்க, வேற வழி பாக்கலாம்," என்றான்.

12-ஆம் தேதி நான் அந்த ஏழு பேருக்கும் ஒலி சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜூன் 19, புதன்

வேறு வழி ஒன்றுதான் இருக்கிறது. இன்னும் ஒரே ஒரு தடவை ஏற்றலாம். அதிலும் பத்துக்கு மேல் வந்தால் விஷயம் ஒழுங்குக் குழுவுக்குப் போகும், திருடியவள் என்ற பெயரோடு. ஆகவே ஏற்றுவதற்கு முன்னால் எல்லா வாக்கியத்தையும் மாற்றி எழுத வேண்டும். பிப்ரவரியில் அவள் எழுதிய மாதிரி ஒரு வரியும் இருக்கக்கூடாது.

சொன்னேன். போனில், சகாயராணியிடம். அவள் பின்னால் பள்ளிக்கூட மணி அடித்தது.

"எழுதினத மாத்திருதேன் மேடம். அந்தப் பொம்பளைங்க பேசினதுக்கு மேற்கோள் குறி போட்டிருக்கேன்லா. அத மெஷினு விட்டுரும்லா?"

முன்பு விட்டுவிடும். சில பேர் முழு இயலையும் மேற்கோளுக்குள் போட்டு ஏமாற்றியதால் புதிய பேக்கேஜில் அந்த வசதியை எடுத்துவிட்டார்கள். எடுக்கச் சொல்லிப் பரிந்துரை எழுதியதும் நூலகர்தான். அதை அவளிடம் சொல்லவில்லை. "விடாதும்மா," என்று மட்டும் சொன்னேன்.

"சரி மேடம்."

ஜூன் 21, வெள்ளி

பத்து நாள் விடுப்புப் போட்டுவிட்டாள். காலை ஆறிலிருந்து எழுதுகிறாள். நானும் அலுவலகத்துக்கு வந்ததும் காதில் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் இருக்கிறேன், அதாவது திரையில். அவள் வாசிப்பாள், நான் மாற்றுச் சொல் சொல்வேன். முதல் இயல் முடிந்தது. முன்னால் இருந்ததைவிட மோசமாக இருக்கிறது. இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

ஜூன் 22, சனி

இரண்டாம் இயல். இவருக்குச் சர்க்கரை 240. அந்த அல்வா.

ஜூன் 24, திங்கள்

மூன்றாம் இயலில் ஒரு பெண் சொல்கிறாள்: "காலைல வாளியத் தூக்குனா, மதியம் சோத்துக்கு உக்காரும்போதுதான் கை எங்கிட்ட திரும்பி வரும். அது வரைக்கும் அது மொதலாளி கை."

அது இப்போது இப்படி இருக்கிறது: ‘காலை முதல் நண்பகல் வரை இடைவேளையற்ற உடலுழைப்பில் ஈடுபட நேர்வதாகத் தகவலாளர் தெரிவித்தார்.’

இதில் ‘இடைவேளையற்ற’ என்பது நான் எடுத்துக் கொடுத்த சொல். அவள் ‘நிக்காம’ என்றுதான் போட்டிருந்தாள்.

ஜூன் 25, செவ்வாய்

மூன்றாம் இயலில் அம்மா பகுதி மட்டும் மிச்சம். இருபத்திரண்டு பக்கம்.

"இத மட்டும் விட்டுட்டா எவ்வளவு வரும் மேடம்?"

கணக்குப் போட்டேன். "பதினஞ்சு வரும்."

"அப்ப மாத்தணும்."

"ஆமா."

"நாளைக்குச் செய்யுதேன் மேடம். இன்னைக்கு முடியல," என்றாள். நான்கு வருடத்தில் முடியவில்லை என்று அவள் சொல்லி இன்றுதான் கேட்கிறேன்.

ஜூன் 26, புதன்

பிரதாப் தன் அறையின் கதவைச் சாத்தி, யாரும் தொந்தரவு செய்யாதபடி அங்கே உட்காரச் சொன்னான்.

"ஒவ்வொண்ணா வாசிச்சுட்டு அழிக்கட்டா மேடம்?" என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்பதற்கு இதில் என்ன இருக்கிறது? சரி என்றேன்.

வாசித்தாள். அம்மாவின் குரலிலேயே வாசித்தாள். அந்த அம்மாவை நான் பார்த்ததில்லை, ஆனாலும் அது சகாயராணியின் குரல் இல்லை என்று தெரிந்தது. "மொத நாளு பாத்தில எறங்கினப்ப, இவ்வளவு வெள்ளையையும் நாமளா அள்ளணும்னு நெனச்சேன். முப்பது வருசம் அள்ளியாச்சு, இன்னும் அங்கனயே கெடக்கு." நிறுத்தினாள். விசைப்பலகைச் சத்தம் கேட்டது. ‘உப்பளப் பணியின் முடிவற்ற தன்மையைத் தகவலாளர் சுட்டிக்காட்டினார்.’ பிறகு அடுத்தது. "கண்ணு கூசும். கண்ணாடி குடுத்தாவ. போட்டா வேர்வையில வழுக்கி உப்புல விழும். குனிஞ்சு எடுக்க நேரமில்லன்னு மடியில கட்டிக்கிட்டேன். இப்ப கண்ணு போச்சு, கண்ணாடி புதுசா இருக்கு." மறுபடியும் விசைப்பலகைச் சத்தம்.

இருபத்திரண்டு பக்கமும் இப்படியே போயிற்று. நடுவில் ஒரு தடவை தண்ணீர் குடித்தாள். நான் மாற்றுச் சொல் எதுவும் சொல்லவில்லை. அவளுக்கே இப்போது நன்றாக வருகிறது. என் முப்பத்தேழு வருடத்தில் ஒரு பக்கத்தை இப்படி நான் உட்கார்ந்து தொலைத்ததில்லை.

"பழைய ஃபைலு உங்கிட்ட பத்திரமா இருக்குல்லா?" என்றேன் கடைசியில்.

"இருக்கு மேடம். இருந்து என்ன செய்ய? அத இனி எங்க குடுத்தாலும் மெஷினு திருட்டுன்னுதான சொல்லும்."

அழுதுவிட்டேன். நல்ல வேளை, கேமராவை அணைத்து வைத்திருந்தேன்.

ஜூன் 27, வியாழன்

முடிவுரை, பொருளடக்கம். மதியம் மூன்றரைக்கு ஏற்றிவிட்டாள். மிக்ஸி ஜார் வந்தது, மூடி சரியாக இருக்கிறது.

ஜூன் 28, வெள்ளி

எட்டு சதவீதம்.

பதினொரு மணிக்கு வந்தது. பிரதாப் ஓடி வந்து சொன்னான். பிறகு சான்றிதழ் என் திரைக்கு வந்து நின்றது. ‘இவ்வாய்வேடு ஆய்வாளரின் சொந்தச் சொற்களில் அமைந்தது எனப் பரிசோதித்துச் சான்றளிக்கிறேன்.’ கீழே என் பெயர். இப்போது கையெழுத்தெல்லாம் போட வேண்டியதில்லை, ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஐந்து மணி வரை நேரம் இருந்தது. பதினொன்றரைக்கே அழுத்திவிட்டேன். அழுத்தாமல் என்ன செய்ய?

சேமிக்கவா என்று மெஷின் கேட்டது. இது இறுதிப் பிரதி, சேமித்தே ஆக வேண்டும்.

ஜூன் 29, சனி

இன்று வீட்டிலிருந்தே அவளைக் கூப்பிட்டேன். வாழ்த்துச் சொன்னேன். ஹெட்மிஸ்ட்ரஸ் திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்களாம். ஏழாம் வகுப்புக்கும் எட்டாம் வகுப்புக்கும் தமிழ். சந்தோஷமாகத்தான் பேசினாள். கொஞ்ச நேரம் பேசிவிட்டு, இனியும் தள்ளக்கூடாது என்று ஆரம்பித்தேன்.

"சகாயராணி, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும். பிப்ரவரில அந்த வரைவ..."

"தெரியும் மேடம்."

"என்ன தெரியும்?"

"அஞ்சாந் தேதியே எனக்கும் ரிப்போர்ட் வந்துட்டுல்லா. ரெண்டாம் பக்கத்துல தேதியும் உங்க பேரும் போட்டிருந்துச்சு."

இருபத்து நான்கு நாள். அந்த இருபத்து நான்கு நாளும் ‘கம்ப்யூட்டர் கோளாறு’ என்று நான் சொன்னதையெல்லாம் அவள் தெரிந்துகொண்டே கேட்டிருக்கிறாள்.

"பின்ன ஏம்மா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா நீங்க சங்கடப்படுவீங்க. சங்கடத்துல போன எடுக்காம விட்டுட்டீங்கன்னா? நாலு வருசத்துல அங்க போன எடுத்துப் பேசின ஒரே ஆளு நீங்கதான் மேடம். உங்களயும் விட்டுட்டா நான் யாருகிட்டப் போயி நிக்க?"

குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் நான் தாங்கியிருப்பேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயெடுத்தேன். "நான் செஞ்சது..." என்பதற்குள் அவள் அவசரமாகக் குறுக்கிட்டாள்.

"அதெல்லாம் ஒண்ணும் சொல்லாதீங்க மேடம். இன்னும் மார்க் ஷீட் வரணும், ப்ரொவிஷனல் வரணும். எல்லாம் நீங்கதான பாத்து வாங்கித் தரணும்."

பார்க்கிறேன் என்றேன்.